ஸ்டைல்ஷீட்டைக் காணோம்!

டிஸ்கி: பொட்டி தட்டறவங்களுக்கான பதிவு இது. மத்தவங்க நடுவுல வர்ற ஆஸ்பத்திரிக் கதைக்காகப் படிக்கலாம். முகவரி, ஃபோல்டர் பேரெல்லாம் தமிழ்லயே எழுதியிருக்கேன். நிஜத்துல அதெல்லாம் இங்கிலீஷ்லதான் இருக்கும், நீங்களே மாத்திப் படிச்சுக்கோங்க :-)

இந்தத் தொழில்ல ரெண்டு வருஷம் குப்பை கொட்டினவங்க எல்லாருமே அந்தப் பக்கத்தைப் பாத்திருப்பீங்க. வெள்ளை வெளேர்னு பின்னணி. தந்தி பேப்பர் மாதிரி எழுத்து. அழகா மேல படுத்திருக்க வேண்டிய மெனு, புள்ளி வச்ச பட்டியலா இடது பக்கம் வரிசையா இறங்கி நிக்கும். எல்லா லிங்கும் நீலக் கலர், அடிக்கோடு. விவரம் எல்லாம் இருக்கும், எதுவும் விடுபட்டிருக்காது. உடுப்பை மட்டும் யாரோ உருவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

அதுலயும் குறிப்பா ஒரு நேரத்துல இது நடக்கும். டாம்கேட்டை நேரா 8080 போர்ட்ல கூப்பிட்டா பக்கம் ஜம்முனு வரும். அதுக்கு முன்னாடி ஒரு அபாச்சியையோ என்ஜின்எக்ஸையோ காவலுக்கு நிறுத்தி, அது வழியா கூப்பிட்டா உடுப்பு போயிடும்.

ஏன் முன்னாடி ஒண்ணை நிறுத்தணும்னு கேக்கலாம். காரணம் நிறைய இருக்கு. ஜனங்க முகவரியில 8080னு அடிக்க மாட்டாங்க. நாலு அப்ளிகேஷனை ஒரே பேர்ல கொண்டு வரணும். எச்டிடிபிஎஸ் சான்றிதழை ஒரே இடத்துல வச்சுக்கணும். பின்னாடி இருக்கறதை வெளியாள் நேரா தொடக் கூடாது. எல்லாமே நியாயமான காரணம். அதனால இந்த ஏற்பாடு அன்னிக்கும் இருந்தது, இன்னிக்கும் இருக்கு. டாம்கேட் இருந்த இடத்துல இன்னிக்கு வேற ஏதாவது இருக்கும், அவ்வளவுதான்.

பிரச்சனை வந்ததும் பொதுவா ஒரு பதில் கிடைக்கும். "வேலை செய்யுதுல்ல சார், அழகுதானே போச்சு, நாளைக்குப் பாத்துக்கலாம்." இந்தப் பதிலை எங்க கேட்டாலும் எனக்கு 2009-ல ஒரு ஆஸ்பத்திரியில பாத்த ஒரு எண்தான் ஞாபகத்துக்கு வரும். 6.8.

அந்த ஆஸ்பத்திரியில டேட்டாபேஸ் வேலைகளை நான் பாத்துக்கிட்டிருந்தேன். ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் காட்டற அப்ளிகேஷன் ஒண்ணு டாம்கேட்ல ஓடிச்சு. எழுதினது ஒரு வெளி கம்பெனி. ஆஸ்பத்திரியோட சர்வர் அறையைப் பாத்துக்கறது வேற ஒருத்தர். ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி, அவர் மேலிடத்துல சொன்னபடி முன்னாடி ஒரு அபாச்சியை நிறுத்தினார். திங்கக்கிழமை காலையில லேப்ல இருந்து ஃபோன். பேசினது அங்க பல வருஷமா வேலை பாக்கற டெக்னீஷியன் அக்கா.

"தம்பி, ரிசல்ட் பக்கம் கோணலா வருதுப்பா."

"டிசைன் போயிருச்சா அக்கா? சொல்லிடறேன், சரி பண்ணிடுவாங்க."

"டிசைன் கிடக்குது விடு. எல்லா நம்பரும் ஒரே மாதிரி இருக்கு. வந்து பாரு."

போய்ப் பாத்தேன். அந்தப் பக்கத்துல, அளவுக்கு மீறின எண்கள் சிவப்புல, தடிமனா வரும். அதைச் செய்யறது ஸ்டைல்ஷீட். ஸ்டைல்ஷீட் வரலைங்கறதால சிவப்பும் இல்ல, தடிமனும் இல்ல. ஒரு நோயாளியோட வரிசையில சோடியம் 138, பொட்டாசியம் 6.8, குளோரைடு 102 அப்படின்னு மூணும் சாதுவா ஒரே கறுப்பு எழுத்துல நின்னுக்கிட்டிருந்தது. பொட்டாசியம் சாதாரணமா 3.5-ல இருந்து 5.0 வரைக்கும் இருக்கணும். 6.8-ன்னா இதயத் துடிப்பே தாறுமாறாகக் கூடிய அளவு. அக்காவுக்கு அது கண்ணுல பட்டது, ஏன்னா அவங்க சிவப்பைப் பாத்துப் படிக்கறவங்க இல்ல, எண்ணைப் பாத்துப் படிக்கறவங்க. உடனே வார்டுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிட்டாங்க. ஆனா ராத்திரி முழுக்க முழிச்சிருந்துட்டு, சிவப்பு இருக்கான்னு மட்டும் கண்ணை ஓட்டற ஒரு டியூட்டி டாக்டர் அதே பக்கத்தைப் பாத்திருந்தா?

அழகுதானே போச்சுன்னு சொல்றவங்களுக்கு இதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்ல.

சரி, பிரச்சனை எங்கன்னு பாப்போம். கம்பெனிக்கு ஃபோன் போட்டா, "எங்க பக்கம் நல்லா வருதே சார்" அப்படின்னாங்க. வரத்தான் செய்யும், அவங்க சோதிக்கறது 8080-ல. சர்வர் அறைக்காரர் அபாச்சி லாகைத் திறந்து காட்டினார். ஸ்டைல்ஷீட்டுக்கான கோரிக்கைக்கு நேரா 200. "பாருங்க, 404 இல்ல, 200. நான் ஒழுங்கா குடுத்திருக்கேன், அவங்க ஃபைல்லதான் கோளாறு." இதுக்கு நடுவுல மாடியில இருக்கற ஒரு டாக்டர் ரூம்ல எல்லாம் சரியா வருதுன்னு இன்னொரு தகவல். ஆக மூணு பேர், மூணு சாட்சி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டலை.

மாடி டாக்டர் விஷயம் முதல்ல தெளிஞ்சது. அவர் புக்மார்க்ல பழைய 8080 முகவரியே இருந்தது. அவர் அபாச்சி வழியா வரவே இல்ல.

அடுத்தது அந்த 200. லாகை நிதானமா பாத்தா, ஸ்டைல்ஷீட்டுன்னு அனுப்பின பதிலோட பைட் கணக்கும், ஆஸ்பத்திரியோட உள் தளத்து முகப்புப் பக்கத்தோட பைட் கணக்கும் அச்சு அசலா ஒண்ணு. பிரவுசர்ல பக்கத்தோட மூலத்தைத் திறந்து, ஸ்டைல்ஷீட் முகவரியை எடுத்துத் தனியா தட்டினேன். ஆஸ்பத்திரி டெலிஃபோன் டைரக்டரி வந்து நிக்குது! அந்த அபாச்சியில ஏற்கெனவே ஒரு உள் தளம் இருந்தது. ஏதாவது ஃபைல் இல்லைன்னா 404 சொல்லாம முகப்புப் பக்கத்துக்குத் திருப்பி விடுன்னு அதுல ஒரு விதி. அந்த விதிதான் "இல்லை"ங்கற பதிலை "இந்தா"ன்னு மாத்திக் காட்டிக்கிட்டிருந்தது. பிரவுசர் ஸ்டைல்ஷீட் கேட்டுது, டெலிஃபோன் டைரக்டரி வந்துது, வகையைப் பாத்தா எச்டிஎம்எல்னு இருந்துது, தூக்கிப் போட்டுட்டுது. சத்தமே இல்லாம.

சரி, அபாச்சி ஏன் அதைத் தன் கிட்டயே தேடிச்சு? அந்தக் கம்பெனியோட அப்ளிகேஷன் டாம்கேட்ல /ஆய்வகம்/ அப்படிங்கற பேர்ல இருந்தது. ஆனா ஸ்டைல்ஷீட் அதுக்குள்ள இல்ல. பில்லிங்கும் லேபும் ஒரே உடுப்பைப் போட்டுக்கணும்னு, டாம்கேட்டோட மூல அப்ளிகேஷன்ல /பொது/ன்னு ஒரு ஃபோல்டர்ல வச்சிருந்தாங்க. பக்கத்துல எழுதியிருந்த முகவரி /பொது/உடுப்பு.சிஎஸ்எஸ். 8080-ல நேரா வந்தா, அந்த முதல் சாய்கோடு டாம்கேட்டோட மூலத்தைக் குறிக்கும், ஃபைல் கிடைச்சிரும். அபாச்சி வழியா வந்தா, அதே சாய்கோடு அபாச்சியோட மூலத்தைக் குறிக்கும். சர்வர் அறைக்காரர் அபாச்சிக்கு சொல்லியிருந்தது ஒரே ஒரு வரிதான்: /ஆய்வகம்/ன்னு வந்தா பின்னாடி அனுப்பு. /பொது/ங்கறதைப் பத்தி அவர்கிட்ட யாரும் சொல்லவே இல்ல. டாம்கேட் லாக்லயும் பாத்தேன், அந்தக் கோரிக்கை அங்க வந்து சேரவே இல்ல.

இதுல கவனிச்சீங்களா? கம்பெனிக்காரன் எழுதின முகவரி அவன் பாக்கற இடத்துல சரி. சர்வர் அறைக்காரர் எழுதின விதி அவருக்குக் கிடைச்ச தகவலுக்குச் சரி. ரெண்டு சரியும் சேர்ந்து ஒரு தப்பு.

நான் இத்தனை வருஷத்துல இந்த விஷயத்துல கத்துக்கிட்டது ஒரே ஒரு வாக்கியம்தான்: முகவரியை எழுதறது பின்னாடி இருக்கற சர்வர், படிக்கறது பிரவுசர். நம்ம ஊர்ல வழி கேட்டா "கோயிலுக்கு எதிர் சந்து, ரெண்டாவது வீடு"ன்னு சொல்லுவாங்க. அதே ஊர்ல நிக்கறவனுக்கு அது போதும். பக்கத்து ஊர் பஸ் ஸ்டாண்டுல நிக்கறவனுக்கு? அங்கயும் ஒரு கோயில் இருக்கும், எதிர்ல ஒரு சந்தும் இருக்கும், ரெண்டாவது வீட்டுக் கதவைத் தட்டினா வேற யாரோ வந்து திறப்பாங்க. டெலிஃபோன் டைரக்டரி வந்ததே, அது மாதிரி :-)

பிரவுசருக்கு டாம்கேட்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது மேல முகவரிப் பட்டையில இருக்கறது மட்டும்தான். 2005-ல வந்த ஆர்எஃப்சி 3986 இந்தக் கணக்கைத் தெளிவா எழுதி வச்சிருக்கு. முகவரி சாய்கோட்டுல ஆரம்பிச்சா, தளத்தோட மூலத்துல இருந்து கணக்கு. சாய்கோடு இல்லாம ஆரம்பிச்சா, இப்ப இருக்கற பக்கத்து முகவரியில கடைசி சாய்கோட்டுக்கு அப்புறம் இருக்கறதை வெட்டிட்டு அங்க இருந்து கணக்கு. இந்த ரெண்டு வரியை மனசுல போட்டுக்கிட்டா பாதிப் பிரச்சனையை டீ ஆறறதுக்குள்ள முடிச்சிரலாம்.

மீதிப் பாதியில நான் பாத்த சில வகைகளைச் சொல்றேன்.

கடைசி சாய்கோடு. /ஆய்வகம்/அறிக்கை அப்படிங்கற பக்கத்துல "உடுப்பு.சிஎஸ்எஸ்"னு மட்டும் எழுதினா, பிரவுசர் /ஆய்வகம்/உடுப்பு.சிஎஸ்எஸ்ஸைத் தேடும். அதே பக்கத்தை /ஆய்வகம்/அறிக்கை/ன்னு கடைசியில ஒரு சாய்கோட்டோட திறந்தா, /ஆய்வகம்/அறிக்கை/உடுப்பு.சிஎஸ்எஸ்ஸைத் தேடும். ஒரே பக்கம், ஒருத்தருக்கு வரும், இன்னொருத்தருக்கு வராது. ஜேஎஸ்பி எழுதறவங்களுக்கு இதுல இன்னொரு கண்ணி இருக்கு. சர்வ்லெட் உள்ளுக்குள்ளயே வேற ஃபோல்டர்ல இருக்கற ஜேஎஸ்பிக்கு வேலையைத் தள்ளி விடும். அந்தத் தள்ளல் பிரவுசருக்குத் தெரியாது. ஜேஎஸ்பி இருக்கற ஃபோல்டரை மனசுல வச்சு முகவரி எழுதினா, ஆப்புதான்.

பேரை மறைக்கறது. டாம்கேட்ல /ஆய்வகம்/ன்னு இருக்கறதை வெளியில வெறும் / ஆகக் காட்டணும்னு ஆசைப்படுவாங்க. முகவரி சின்னதா, அழகா இருக்கும் பாருங்க. ஆனா பின்னாடி இருக்கற அப்ளிகேஷன், தன் காண்டெக்ஸ்ட் பாத்தைக் கேட்டு வாங்கி, நியாயமா /ஆய்வகம்/உடுப்பு.சிஎஸ்எஸ்னு எழுதும். அது முன்னாடி வந்து, முன்னாடி இருக்கறது இன்னொரு /ஆய்வகம்/ சேத்து அனுப்பி, பின்னாடி /ஆய்வகம்/ஆய்வகம்/னு போய் முட்டும். பின்னாடி லாக்ல பேர் ரெண்டு தடவை வந்தா இதுதான் வியாதி. குக்கியோட பாத்தும் இதே மாதிரி பொருந்தாமப் போய், லாகின் பண்ணினா திரும்பத் திரும்ப லாகின் பக்கமே வரும். முன்னாடியும் பின்னாடியும் ஒரே பேரை வச்சுக்கிட்டா இந்தத் தலைவலி எதுவுமே இல்ல. அழகு முகவரிதான் வேணும்னா, டாம்கேட்லயே அந்த அப்ளிகேஷனை மூலத்துல குடி வையுங்க.

ப்ராக்ஸிபாஸ்ரிவர்ஸ். இந்த வரியைப் போட்டா எல்லாம் திருப்பி மாத்திக் குடுத்திரும்னு ரொம்ப பேர் நம்பறாங்க. இல்லீங்க. அது தொடறது பதிலோட தலைப்பு வரிகளை மட்டும்தான், முக்கியமா வேற முகவரிக்குத் திருப்பி விடற வரியை. பக்கத்துக்குள்ள எழுதியிருக்கற முகவரியை அது எட்டிக் கூடப் பாக்காது. அதுக்கு மாட்ப்ராக்ஸிஎச்டிஎம்எல்னு ஒண்ணு இருக்கு, 2012-ல வந்த அபாச்சி 2.4-ல இருந்து கூடவே வருது. ஆனா ஒவ்வொரு பக்கத்தையும் பிரிச்சுப் பாத்துத் திருத்தி அனுப்பற வேலை அது. அப்ளிகேஷன்ல கையே வைக்க முடியாதுங்கற நிலைமைக்கு மட்டும் வச்சுக்கலாம்.

விதிகளோட வரிசை. அபாச்சியில ப்ராக்ஸிபாஸ் விதிகளை எழுதின வரிசையிலதான் பாக்கும், முதல்ல பொருந்தினது ஜெயிக்கும். அதனால /பொது/ மாதிரி குறிப்பானது மேல, வெறும் / மாதிரி பொதுவானது கீழ. என்ஜின்எக்ஸ்ல வேற மாதிரி. சிஎஸ்எஸ், படம் எல்லாத்தையும் நானே குடுக்கறேன்னு முடிவெழுத்தைப் பாத்துப் பிடிக்கற ஒரு விதியை எங்கிருந்தாவது காப்பி பண்ணிப் போட்டிருப்பாங்க. அது பின்னாடி போக வேண்டிய ஸ்டைல்ஷீட்டையும் வழியில மறிச்சு, தன் ஃபோல்டர்ல தேடிட்டு, இல்லைன்னு கையை விரிச்சிரும். ப்ராக்ஸிபாஸ் வரியில முகவரிக்குக் கடைசியில சாய்கோடு இருந்தா ஒரு அர்த்தம், இல்லைன்னா வேற அர்த்தம். இருந்தா, பொருந்தின பகுதியை வெட்டிட்டு மாத்தி அனுப்பும். இல்லைன்னா, வந்ததை அப்படியே அனுப்பும்.

காவல்காரன். லாகின் பண்ணாதவங்களை லாகின் பக்கத்துக்குத் திருப்பற ஃபில்டர், ஸ்டைல்ஷீட்டையும் சேத்துத் திருப்பி விட்டுரும். அறிகுறி ரொம்ப சுலபம்: லாகின் பக்கம் மட்டும் உடுப்பில்லாம வரும், உள்ள போனா எல்லாம் சரியா இருக்கும்.

எச்டிடிபிஎஸ். முன்னாடி பூட்டு, பின்னாடி வெறும் எச்டிடிபி. பின்னாடி இருக்கறது தான் எச்டிடிபியிலதான் பேசறோம்னு நம்பி, முழு முகவரியையும் எச்டிடிபின்னு எழுதி அனுப்பும். பூட்டுப் போட்ட பக்கத்துல பூட்டில்லாத ஸ்டைல்ஷீட்டை பிரவுசர் ஏத்துக்காது. ஃபயர்ஃபாக்ஸ் இப்படித் தடுக்க ஆரம்பிச்சது 2013-ல. முன்னாடி இருக்கறது "வந்தவர் எச்டிடிபிஎஸ்ல வந்தார்"னு ஒரு தலைப்பு வரியில சொல்லி அனுப்பணும், பின்னாடி இருக்கறது அதைக் காது குடுத்துக் கேக்கணும். ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் கேக்கலைன்னா புண்ணியமில்ல.

இத்தனையையும் ஞாபகம் வச்சுக்க வேண்டாம். வரிசையா நாலு காரியம் பண்ணினா போதும். ஒண்ணு, பக்கத்தோட மூலத்தைத் திறந்து ஸ்டைல்ஷீட் முகவரியைத் தனியா தட்டிப் பாருங்க. என்ன வருதுன்னு கண்ணால பாருங்க, நம்பரை நம்பாதீங்க. ரெண்டு, எஃப்12 தட்டி நெட்வொர்க் பகுதியில பதிலோட எண், வகை ரெண்டையும் பாருங்க. (2009-ல இதுக்கு ஃபயர்பக்தான் துணை. 2017-ல அது விடை வாங்கிக்கிச்சு, இப்ப எல்லா பிரவுசர்லயும் கூடவே வருது.) வகை ஸ்டைல்ஷீட் வகையா இல்லாம எச்டிஎம்எல்னு இருந்தா, 200 வந்தாலும் அது பொய் 200. மூணு, முன்னாடி லாகையும் பின்னாடி லாகையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. பின்னாடி வரவே இல்லையா, கோளாறு முன்னாடி விதியில. வேற பேர்ல வந்திருக்கா, மாத்தற இடத்துல. சரியான பேர்ல வந்து 404-ஆ, அப்ளிகேஷன்ல. நாலு, எதைத் திருத்தினாலும் பழைய பதிலை பிரவுசர் பிடிச்சு வச்சிருக்கும், கண்ட்ரோலும் எஃப்5-ம் சேத்து அழுத்திட்டு அப்புறம் பேசுங்க.

அன்னிக்கு ஆஸ்பத்திரியில உடனடி வைத்தியம் ஒரே வரி: /பொது/ன்னு வந்தாலும் டாம்கேட்டுக்கு அனுப்பு. பத்து நிமிஷத்துல சிவப்பு திரும்பி வந்துது. அடுத்த மாசம் கம்பெனிக்காரங்க ஸ்டைல்ஷீட்டை அப்ளிகேஷனுக்குள்ளயே கொண்டு வந்து, காண்டெக்ஸ்ட் பாத்தைச் சேத்து முகவரி எழுதற மாதிரி மாத்தினாங்க. அதுக்கப்புறம் முன்னாடி யார் நின்னாலும், பேரை மாத்தாத வரைக்கும் கவலையில்ல.

ஆனா என்னைக் கேட்டா, அங்க நடந்த முக்கியமான திருத்தம் இது ரெண்டுமே இல்ல. அக்கா ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்தாங்க: அளவுக்கு மேல இருந்தா எண்ணுக்குப் பக்கத்துல "அதிகம்"னு எழுத்துலயே போடணும், கீழ இருந்தா "குறைவு", அதோட சாதாரண அளவும் பக்கத்துலயே இருக்கணும். கலர் வேணும்னா அதுக்கு மேல வச்சுக்கோங்க. எச்டிஎம்எல்லயே எழுதறது அது, ஸ்டைல்ஷீட் வந்தாலும் வராட்டியும் நிக்கும். டபிள்யூ3சி 2008 டிசம்பர்ல வெளியிட்ட டபிள்யூசிஏஜி 2.0-லயும் இதே விதி இருக்கு: தகவலைச் சொல்லக் கலரை மட்டும் நம்பக் கூடாது. நிறம் பிரிச்சுப் பாக்க முடியாதவங்களை மனசுல வச்சு எழுதினது அது. அக்கா அதைப் படிச்சதில்ல, படிக்க அவசியமும் இல்ல. ரிசல்ட் தாளை கறுப்பு வெள்ளை பிரிண்டர்ல எடுத்தா சிவப்பு எங்க தம்பி தெரியும்னு கேட்டாங்க. யாருக்கும் தோணாத கேள்வி!

அதனால மக்கா, அடுத்த தடவை முன்னாடி ஒரு சர்வரை நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரு சின்ன சோதனை பண்ணுங்க. உங்க அப்ளிகேஷன்ல ஸ்டைல்ஷீட்டை வேணும்னே எடுத்துட்டு, அந்த உடுப்பில்லாத பக்கத்தை முழுசா ஒரு தடவை படிங்க. எதெல்லாம் காணாமப் போச்சுன்னு எழுதி வைங்க. அழகு மட்டும் போயிருந்தா, நிம்மதியா போய்ப் பாத்தை சரி பண்ணுங்க. அர்த்தமும் சேர்ந்து போயிருந்தா, பாத்தை அப்புறம் பாக்கலாம். முதல்ல அந்த அர்த்தத்தை பக்கத்துக்குள்ள எழுத்தா எழுதுங்க.